முதுகுத் தண்ணீர் சொன்ன கெடு

புருஷன் முதுகில் ஊசி குத்தவைத்தே அவனைக் கொன்றவள் என்று எங்கள் தாராவிச் சந்தில் ஹபீபாவுக்கு ஒரு பெயர் உண்டு. நான் பேராச்சி, அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் அவளோடு கூடவே நின்றவள். இப்படிப் பேசுகிறவர்களில் ஒருத்தராவது அந்த வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்களா? நன்றாக வாய்க்கு வந்துவிடும் எனக்கு.

ஹபீபா மேலப்பாளையத்துக்காரி. தோல் பைப் பட்டறையில் சொலூஷன் பசை தடவிக் கைப்பிடி ஒட்டும் வேலை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. குழாயடியில் யாராவது வரிசையை மீறினால், அவர்கள் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பாள். அவளிடம் சண்டை பிடித்து ஜெயித்தவர் கிடையாது.

அவள் புருஷன் ஜெயினுலாப்தீன் அதே பட்டறையில் தோல் வெட்டினவர். எண்பத்தொன்பதாம் வருஷம் அவருக்குத் தலைவலி வந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. வாந்தி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கடைசியில் ஆளையே அடையாளம் தெரியாத நிலைமை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வந்த உடனே முதுகுத் தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அன்று மத்தியானம் கண்ணைத் திறந்து பார்த்தார்.

மறுநாள் டாக்டர் விஜயலக்ஷ்மி எங்களைக் கூப்பிட்டாள். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

"ரத்தத்துல எய்ட்ஸ் கிருமி இருக்கு. மூளையைச் சுத்தி ஒரு காளான் பரவியிருக்கு. முதுகுத் தண்ணியைக் கறுப்பு மையில கலந்து பார்த்தா உருண்டை உருண்டையாத் தெரியறது. அதை எதிர்த்துச் சண்டை போடற அணு அந்தத் தண்ணியில அனேகமா இல்லவே இல்லை. அப்படி இருந்தா பொழைக்கறது ரொம்பக் கஷ்டம்மா. மருந்து ஏத்தறோம். பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

அந்த வியாதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. டாக்டர் பெண் மேலும் எனக்குக் கோபமில்லை, உள்ளதைச் சொன்னாள். அதைக் காதில் வாங்கினவர்கள் செய்ததுதான் அநியாயம். சாவு நிச்சயம் என்று தெரிந்ததும், உயிரோடிருந்த மனுஷனை எல்லோரும் மையித்தாக, பிணமாக ஆக்கிவிட்டார்கள். கட்டில் வராந்தாவுக்குப் போனது. அவருடைய அண்ணன் ரஹ்மத்துல்லா சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து, சாகிறவர்களுக்கு ஓதும் யாசீனை ஓத ஆரம்பித்துவிட்டார்.

தலைவலி திரும்பவும் ஏறியது. ஜெயினுலாப்தீன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்தினார். உள்ளே தண்ணீர் அழுத்துகிறது, மறுபடி எடுத்தால் வலி குறையும் என்றாள் டாக்டர்.

"சாவப்போறவன் முதுகுல எதுக்கு இன்னொரு ஓட்டை?" என்றார் ரஹ்மத்துல்லா. "முதுகுத் தண்ணி போனா இடுப்புக்குக் கீழ வெளங்காது. இருக்க உசுரும் அது வழியாப் போயிரும். நான் சம்மதிக்க மாட்டேன்."

எங்கள் பக்கம் எல்லோருக்கும் இருந்த பயம்தான் அது. ஆனால் முதல் ஊசிக்குப் பிறகு தம்பி கண் திறந்ததை இவரும் பார்த்தாரே! பெரிய டாக்டரோ, எப்படியும் போகிற கேஸ், வீட்டு ஆண்பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடு என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஹபீபா கட்டிலுக்கும் ரஹ்மத்துல்லாவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஓதுங்க மச்சான், நான் வேண்டாங்கல. அவுக கத்துதது ஒங்க காதுல விழலையா? நான் அவுக பொண்டாட்டி. நான் சம்மதிக்கேன். நீங்க குத்துங்க டாக்டரம்மா."

ஆளைச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். "ஹம் ஹாத் நஹி லகாயேகா", தொட மாட்டேன் என்று வார்டு ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாசமாய்ப் போகிறவன்! ஹபீபா கட்டிலில் ஏறினாள். புருஷனின் முழங்காலை வயிற்றோடும் தலையை மார்போடும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். காலை நான் பிடித்தேன். தண்ணீர் குழாயில் சர்ரென்று ஏறியது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டாள்.

கத்தல் நின்றது. வெகுநேரம் கழித்து அவர் மெதுவாகப் பேசினார்.

"கைய எடுளா, சொலூஷன் நாத்தம் தாங்கல."

அவள் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

அதற்கப்புறமும் எத்தனையோ தடவை ஊசி குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள்தான் கட்டிப்பிடித்தாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சாயா கேட்டுக் குடித்தார், மட்டமாகத் தோல் வெட்டுகிறான் என்று பட்டறைக்காரனைத் திட்டினார். ஆனால் பிழைக்கவில்லை. ஒருநாள் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஹபீபா இத்தாவில், புருஷனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் அந்த நாட்களில், திரைக்குப் பின்னால் இருந்தாள். வந்திருந்தவர்கள் காதில் விழும்படி ரஹ்மத்துல்லா ஆரம்பித்தார்.

"தண்ணியப் பாத்தே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சொன்னபடியே ஆச்சா? ஊசி ஊசின்னு அவனப் பாடாப் படுத்துனதுதான் மிச்சம்."

நான் எழுந்தே விட்டேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. என்றும் இல்லாத சத்தம்.

"அவுக மவுத்தாவாகன்னு தண்ணி சொல்லிச்சு, சரி மச்சான். கத்திக்கிட்டே சாவணும்னும் சொல்லிச்சா?"