ஒரு மணி கூட்டிய ஞாயிறு

இஷ்பெல் மக்ஃபேலின் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு முதல் மைல் தாண்டுவதற்குள் மூன்று சேதி தெரிந்துவிடும். அவள் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த நீல வேன் எந்த வங்கிக்காரன் தயவும் இல்லாமல் அவள் வாங்கியது. அவளோடு டுன் ஆர்டக் கோட்டைக்கு நடந்துபோன ஒருத்தர் காலணிகூட இதுவரை கடலில் நனைந்ததில்லை.

பெருமைதான். இருந்தால் என்ன? மீன் குடலை உருவி, ஓட்டல் அறைகளில் படுக்கை விரித்து, பள்ளிப் பிள்ளைகளின் பேருந்தைப் பனியில் ஓட்டி, ஒருத்தி சொந்தக் காலில் நின்றால் அதை அவளே சொல்லாமல் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? எங்கள் கரையில் அடுத்தவரைப் புகழும் வழக்கமே கிடையாது. "பரவால்ல" என்றால் அதுவே பட்டாபிஷேகம்.

அன்று மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. கோடை நேரத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாக நாடு முழுக்கக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னால் போயிருந்தன. வருஷத்தின் முதல் சவாரி. வந்தவர்கள் கனடாவிலிருந்து ஒரு அப்பாவும் மகளும். அப்பா ஆங்கஸ் பீட்டன் எண்பதைத் தாண்டியவர், கைத்தடிக்காரர். மகள் டார்லீன், எதற்கெடுத்தாலும் கைபேசியைப் பார்க்கிறவள்.

"மாத்திரைப் பை வண்டியிலேயே இருக்கட்டும்மா. அப்பாவுக்கு சாயங்காலம் அஞ்சுக்கு இதய மாத்திரை. அது தவறக்கூடாது" என்றாள் டார்லீன்.

"அஞ்சுக்கெல்லாம் ஓட்டல்ல சூப் குடிச்சிக்கிட்டு இருப்பாரு. நீ சும்மா இரு கண்ணு" என்றாள் இஷ்பெல்.

காலையில் போர்க்களக் கல்லைக் காட்டினாள். பிறகு வாள் செதுக்கிய கல்லறைகள் கிடக்கும் பழைய தேவாலயம். பீட்டன் ஒவ்வொரு கல்லின் முன்னும் தொப்பியைக் கழற்றினார், கழற்றிய தொப்பியைப் போடுவதற்குள் அடுத்த கல் வந்தது. இஷ்பெல் ரகசியமாக நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். கிழவர் மெதுவாக நடக்கிறார், மேடு ஏறினால் உதடு நீலமாகிறது. ஆனாலும் அவர் இவ்வளவு தூரம் வந்ததே டுன் ஆர்டக்குக்காகத்தான். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் அந்தக் கோட்டையின் காவல்காரராம்.

"சுவத்துல ஒரு தடவை கை வெச்சுட்டுப் போயிடறேன். அப்புறம் எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன்" என்றார்.

டுன் ஆர்டக் தீவில் இருக்கிறது. கடல் இறங்கினால் மணல் பாதை தெரியும், நடந்து போகலாம். கடல் ஏறினால் பாதை இல்லை. கடல் முழுக்க இறங்கி நிற்கும் அடிமட்டத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் கெடு. அடிமட்டம் எப்போது என்பதை இஷ்பெல் கேட்பது ஒரே ஒருவரிடம். அவள் புருஷன் முர்டோ. நண்டுக்கூடை போட்டே முதுகு போனவன், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். ஊர் முழுக்க அவனிடம்தான் கேட்கும். முர்டோ எப்போதும் பழைய குளிர்கால நேரத்தில்தான் சொல்வான். "கடலுக்கு சர்க்கார் கடிகாரம் தெரியாது" என்பான். ஆகவே கோடை நேரம் தொடங்கினால் முர்டோ சொன்னதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும்.

சனிக்கிழமை அவன் சொன்னது இரண்டு மணி. இஷ்பெல் மூன்று என்று வைத்துக்கொண்டாள். ஐந்து வரைக்கும் பாதை இருக்கும்.

மதியம் மீன் சூப் குடிக்கும்போது டார்லீன் கைபேசியை நீட்டினாள். "இதுல அடிமட்டம் ரெண்டு மணின்னு போட்டிருக்கே?"

"அது பெரிய துறைமுகத்துக் கணக்கும்மா. ஃபோன்ல இருக்கற கடல் வேற, எங்க கடல் வேற. எங்க வீட்டுக்காரர் அம்பது வருஷம் இதுல ஊறினவர்."

டார்லீன் கைபேசியை உள்ளே வைத்துவிட்டாள். அவ்வளவு உறுதியாகச் சொல்கிறவளிடம் யார் வாதாடுவார்கள்?

மூன்றரைக்கு மணலில் இறங்கினார்கள். பாதையின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அடிமட்ட நேரத்தில் அது காய்ந்து கிடக்க வேண்டும். அன்று அதில் கணுக்காலுக்குக் கீழே தண்ணீர் மினுங்கியது. இஷ்பெல் குனிந்து கைவிட்டு ஆழம் பார்த்தாள். தெற்குக் காற்று தண்ணீரைத் தள்ளியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓரமாகக் கல் போட்டு, பீட்டனின் கையைப் பிடித்துத் தாண்டவைத்தாள். காலணி நனையவில்லை.

கோட்டையில் கிழவர் சுவரில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. டார்லீன் படம் எடுத்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி படம் எடுத்தாள். இஷ்பெல் வழக்கமாகச் சொல்லும் முற்றுகைக் கதையைத் தொடங்கினாள். ஆனால் கண் கதையில் இல்லை. கரையோரத்தில் சிவப்பு மூக்குப் பறவைகள் மணலை விட்டுப் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தன. கடல் துரத்தினால்தான் அவை ஏறும்.

"ஒரு நிமிஷம் இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு முனைக்கு ஓடினாள்.

மணல் பாதை இரண்டு துண்டாகக் கிடந்தது. நடுப்பள்ளத்தில் தண்ணீர் ஆறுபோல ஓடிற்று. மறுகரையில் நீல வேன். வேனுக்குள் மாத்திரைப் பை.

இஷ்பெல் யோசிக்கவில்லை. பூட்ஸோடு இறங்கினாள். பள்ளத்தில் முழங்கால் வந்தது, அடுத்த எட்டில் தொடை வந்தது. குளிர் எலும்பைக் கவ்வியது. கீழே மணல் காலை உருவியது. தான் ஒருத்தியாக இருந்தால் போய்விடலாம் என்று தோன்றியது. போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு திரும்பிவர? அதற்குள் நெஞ்சளவு வந்துவிடும். கைத்தடிக் கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தால்? அவள் அதையும் ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். வீம்பு அவ்வளவு தூரம் போகும். பிறகு காலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள்.

டார்லீன் அவளுடைய ஈரக் காற்சட்டையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் இஷ்பெலுக்குத் தாங்கவில்லை.

"பாதை மூடிடுச்சும்மா. இனி ராத்திரி நடுஜாமத்துலதான் திறக்கும்."

"அப்பாவோட மாத்திரை?"

"தெரியும்மா. தெரியும்."

பீட்டன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூரையில்லாத கோட்டை, காற்று நேராக உள்ளே வந்தது. இஷ்பெல் தன் மேல்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினாள். உதடு மறுபடி நீலமாகத் தொடங்கியிருந்தது.

படகு வைத்திருப்பவன் ஒரே ஒருத்தன். டொரமட் கில்லிஸ். அக்கரையில் படகுத்துறை, அவனுக்கும் சுற்றுலாப் பிழைப்புதான். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. "நடத்திக் கூட்டிட்டுப் போறாளாம் நடத்தி! ஒரு நாள் என் படகுக்குக் கூப்பிடுவா, பாத்துக்கிட்டே இருங்க" என்று அவன் மதுக்கடையில் சொன்னதும், "உன் படகுல ஏர்றதுக்குப் பதிலா நீந்தியே போவேன்டா" என்று அவள் அதே இடத்தில் திருப்பிச் சொன்னதும் ஊரறிந்த கதை.

கைபேசிக்கு அங்கே கோபுரப் படிக்கட்டின் உச்சியில்தான் உயிர் வரும். இஷ்பெல் ஏறினாள். பாதி உடைந்த படி. கில்லிஸின் எண்ணை அழுத்தினாள். மணி ஒரு தடவை அடித்தது, சட்டென்று அறுந்தது. மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை.

"பேரைப் பாத்துட்டு அணைச்சுட்டான்" என்று முனகினாள். "எடுடா பாவி. எவ்வளவு வேணா திட்டு. எடுத்துத் திட்டு."

மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. இனி கடற்காவலரைக் கூப்பிட வேண்டியதுதான், நாளைக்கு ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று அந்த எண்ணில் விரலை வைத்தபோது, இஞ்சின் சத்தம் கேட்டது.

கில்லிஸின் படகு நேராகத் தீவுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் கூப்பிட்டும் எடுக்காத மனிதன் எப்படி வருகிறான் என்று புரியாமல், விழுந்தடித்துக் கீழே இறங்கினாள்.

"ஏ இஷ்பெல்!" என்று தண்ணீரிலிருந்தே கத்தினான். "நீந்தறேன்னு சொன்னியே, நீச்சலுடுப்பு எங்க?"

அவளுக்கு நாக்கு வரை பதில் வந்தது. ஆனால் படகு நெருங்கியதும் பார்த்தாள். கில்லிஸ் கழுத்து வரை நனைந்திருந்தான். தாடியில் பாசி ஒட்டியிருந்தது.

"உனக்கு என்னய்யா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல பெரியவரை ஏத்து."

இருவருமாகப் பீட்டனைத் தூக்கினார்கள். ஒரு காலணி தண்ணீரில் பட்டது, அவர் சிரித்தார். டார்லீன் அவரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேனுக்கு எதிரே மணலில் படகு முட்டியதும் இஷ்பெல் குதித்து ஓடி, மாத்திரைப் பையோடும் சூடான தேநீர்க் குடுவையோடும் வந்தாள். கிழவர் மாத்திரையை விழுங்கினார். உதட்டில் நிறம் திரும்பும் வரை மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மாதிரி சுற்றுலா எங்க ஊர்ல கிடைக்காது" என்றார் பீட்டன்.

இஷ்பெல் நிமிர்ந்து நின்றாள். "ஐயா, மகள் சொன்ன நேரம்தான் சரி. நான் கேக்கல. தப்பு என்னோடது" என்றாள். கில்லிஸ் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

கில்லிஸ் தாடியைப் பிழிந்தான். "நீ மட்டும் இல்ல. நேத்து முர்டோகிட்ட நானும் கேட்டேன். ரெண்டுன்னான். மூணுன்னு வெச்சிக்கிட்டேன். படகு தரையில கிடக்கும், மிதக்க இன்னும் நேரமிருக்குன்னு டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். ஜன்னல் வழியா பாத்தா என் படகு தானா ஊர் சுத்தக் கிளம்பிடுச்சு. குதிச்சுப் பிடிச்சேன். பிடிச்சப்புறம்தான் இந்தக் கரையில உன் வண்டி நிக்கறதைப் பாத்தேன். ஆள் இல்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"நீயும் கூட்டினியா?"

"கூட்டாம? முர்டோ சொன்னா ஒண்ணு கூட்டணும்னு எங்கம்மா எனக்குப் பாலோட ஊட்டினது."

"ஃபோன்?"

"கடலுக்குள்ள. நண்டு பேசிக்கிட்டு இருக்கும்."

விருந்தாளிகளை ஓட்டலில் கணப்படுப்பின் பக்கத்தில் உட்காரவைத்து, கிழவர் சூப் கேட்டதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் இஷ்பெல் வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் முர்டோவுக்கான வசவுகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். நல்ல வசவுகள், பல வருஷம் நிற்கக்கூடியவை.

முர்டோ ஜன்னலோரம் மலர்ந்த முகத்தோடு காத்திருந்தான்.

"எப்படி? நேரம் கச்சிதமா இருந்துச்சா? போன வருஷம் விருந்தாளிங்க முன்னாடியே என்னைத் திட்டினியே, ஒரு மணி கூட்டிச் சொல்லத் தெரியாதான்னு. இந்தத் தடவை நானே கூட்டிச் சொல்லிட்டேன். இனி உனக்குக் கணக்கு வேலையே இல்ல."

இஷ்பெல் சேர்த்த வசவையெல்லாம் விழுங்கினாள். ஈர பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் கவிழ்த்தாள்.

"பரவால்ல" என்றாள்.

முர்டோ அன்று ராத்திரி பூராவும் அந்தச் சொல்லிலேயே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

இப்போதும் இஷ்பெலின் வண்டியில் முதல் மைலுக்குள் மூன்று சேதி தெரிந்துவிடும். முதல் இரண்டும் பழையவை. மூன்றாவதை மாற்றிக்கொண்டாள்: அவளோடு டுன் ஆர்டக்குக்குப் போன ஒருத்தரும் கரைக்குத் திரும்பாமல் இருந்ததில்லை. ஆனால் மணலில் இறங்குவதற்கு முன்னால் வண்டியைப் படகுத்துறையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி ஒரு கேள்வி கேட்பாள்.

"யோவ் கில்லிஸ், இன்னிக்கு அடிமட்டம் எத்தனைன்னு வெச்சிருக்க?"