கருங்கல் மலைக்கு கிரானைட் ஒட்டியவர்கள்

பாறையில் செதுக்கிய ஒரு ஜோடிப் பாதத்தைப் பார்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து கிளம்பினேன். திண்டிவனத்துக்கு மேற்கே, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் நிற்கும் மொட்டைக் கருங்கல் மலையின் உச்சியில், கோயிலை ஒட்டி இருக்கிறது அது. நடக்கத் தாமதமாகும் குழந்தையை அந்தப் பாதத்துக்குள் நிறுத்தி எடுத்தால் நடந்துவிடும் என்பது சுற்றுவட்டாரத்து நம்பிக்கை. மலையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பது மணிப் பேருந்தில் திண்டிவனம் ஒரு மணி நேரம். அங்கிருந்து அடிவாரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி திருவெண்ணெய்நல்லூர்க்காரர். மடியில் இரண்டரை வயது மகள், இன்னும் நடக்கவில்லை.

"டாக்டரு பயப்படாதன்னுதான் சொல்றாரு. மாமியாரு வாய்தான் தாங்க முடியல, பொண்ணு மொடமான்னு கேக்குது. எங்க அக்கா பையன் இங்க நின்னுட்டுப் போய்த்தான் நடந்தான். அதான் வேண்டிக்கினு வந்துட்டேன்" என்றார்.

படி கிடையாது. பாறைச் சரிவில் அரை மணி நேரம், பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே போனால் பாறையையே காணோம்! கோயிலைச் சுற்றிப் பளபளவென்று கறுப்பு கிரானைட் பலகைகள். மலையே கிரானைட், ஐயா! அதன் தலையில் கடையில் வாங்கிய கிரானைட்டை ஒட்டியிருக்கிறார்கள். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல?

விழாக் குழுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்டிங்க, ஏர்போர்ட்டு மாரி இருக்குதுல்ல?"

"பாதம் எங்கண்ணா?" என்றார் செல்வி.

"அடில இருக்குதும்மா. கல்லு மேலயே கொழந்தைய நிக்க வெச்சுட்டு ஜல்தியா கெளம்பு, வெயிலு ஏறுது."

"எந்தக் கல்லுண்ணா?"

அவர் ஒரு பலகையைக் காட்டினார். யோசித்துவிட்டுப் பக்கத்துப் பலகையைக் காட்டினார். செல்வி மகளை இறக்கினார். பதினோரு மணி வெயிலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டது. எனக்கு வந்ததே கோபம்! வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

செல்வி கத்தவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். "இந்தக் கல்ல எடுங்கண்ணா. எடுக்கற வரிக்கும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

"இன்னாம்மா பேஜாரா கீது" என்று முனகிவிட்டு, குழுக்காரர் மதிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டார். பலகை பெயர்ந்தது. பாதம் இருந்தது, விரல்களின் விளிம்பு தெரிந்தது. உள்ளே முழுக்கச் சிமெண்ட். பள்ளமாக இருந்தால் பலகை உட்காராதாம், மட்டம் பார்த்து நிரப்பிவிட்டார்களாம்.

கொத்தனார் உளியை வைத்துத் தட்டிப் பார்த்தார். "பேத்துடலாம்மா. ஆனா பாறையும் சேந்து பேந்துடும்."

செல்வி வேண்டாமென்று தலையாட்டினார். மகளின் கால்களைச் சிமெண்ட் மேலேயே ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். கீழே இறங்கி ஆட்டோவில் ஏறியதும், "வூட்டுல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார்.

அந்தக் குழுக்காரர் கெட்டவர் இல்லை. சாமிக்கு நல்லது செய்ததாகவே நம்புகிறார். அதற்காக என் கோபம் குறையவில்லை. மலையின் பெயரைச் சொன்னால், உங்கள் ஊர்க் கோயிலுக்கும் கிரானைட் போடலாமென்று மாதிரி பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள்!

விசாரித்துப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கிடைக்காது. வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். உங்கள் ஊர்ப் பாறையில் இப்படி ஏதாவது இருந்தால் சிமெண்ட் மூட்டை வருவதற்குள் பார்த்துவிடுங்கள். இந்த மலையில் இனிப் பார்க்க மிச்சமிருப்பது அந்தப் பலகைகளில் உள்ள உபயதாரர்களின் பெயர்தான். அதை மட்டும் நல்ல ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.