ஓடுகிற தறியை நிறுத்தினேன்

பல்லடத்துக்கு வெறுங்கையோடு வந்து தறி போட்டவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. கட்டியது தறிக்கூடம், மாடி வீடு; மகனை இன்ஜினியரிங்கும் படிக்க வைத்தேன். கரன்ட் போனாலொழிய என் தறிகள் நின்றதில்லை. என் கல்யாணத்தன்றும் ஓடின.

அந்த மகன்தான் தூக்கத்தை விரட்டும் போதைத் தூளில் விழுந்தான். அதை விட வேண்டுமென்று டாக்டரைப் பார்த்தான், கூடவே, செல்போனில் தானே கேட்டுச் செய்கிற ஒரு பயிற்சியிலும் சேர்ந்தான். "போன்ல பாடங் கேட்டா போதை போயிருமாக்கு?" என்று சிரித்தேன்.

ஒரு மத்தியானம் வியர்த்து வழிய ஓடிவந்தான். தறிச் சத்தத்தில் என் காதோரம் கத்தினான். "அப்பா, இப்ப தூள் வேணும்னு தோணுதுங்க! பாடத்தக் கேக்கோணும், ஒண்ணுமே காதுல உழுகல!"

"வெளிய போய்க் கேளு சாமி."

"வெளிய போனா வாங்கீருவனுங்க!"

பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"ஏனுங் மொதலாளி, கரன்ட் போயிருச்சுங்களா?" என்றார் தறி ஓட்டும் தறிக்காரர் ஒருவர்.

"நாந்தான் நிறுத்திப்போட்டேன். ஆரும் பேசாதீங்க!"

அந்த அமைதியில் போன் பேசியது. இந்த ஆசை எழும், தானே அடங்கும், மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள் என்றது. மகன் விட்டான். நான் விட்டேன். தறிக்காரர்களும் சேர்ந்து விட்டார்கள்! கடைசியில் அவன் நிமிர்ந்து, "அடங்கீருச்சுங்கப்பா, தறியப் போடுங்க" என்றான். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

பயிற்சி இன்னும் நடக்கிறது. அன்று ஆசை அடங்கியதற்குக் காரணம் அவன் மனஉறுதி என்கிறார் டாக்டர். பாடம் நல்ல பாடம் என்கிறான் மகன். இரண்டும் சரிதான். ஆனால் சுவிட்சை இறக்கியது யார்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!