எட்டுச் சீவல் இடைவெளி

அக்காவின் வேலை இன்னதென்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு புழுவைப் பிசினில் உறையவைத்து, வைரக் கத்தியால் ஆயிரக்கணக்கில் சீவிப் படமெடுத்துத் தருவார்கள். ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு படம் படமாகத் திரையில் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். பதினோரு வருடமாக இதுதான்.

“புழு மனசுல என்ன ஓடுதுன்னு தெரியும், புருஷன் மனசுல ஓடுறது மட்டும் தெரியாது” என்பார் அத்தான்.

ஒரே புழுவை இரண்டு பேர் தனித்தனி அறையில் வரைவார்கள். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. சீவல் கிழிந்து தொலைந்த இடத்தில் கோட்டை நிறுத்திவிட வேண்டும். ஊகித்தாலும் காப்பியடித்தாலும் வேலை போய்விடும். அக்காவுக்கு வேலை போனால் விசாவும் போய்விடும். அறுபது நாளில் குடும்பத்தோடு பெட்டி கட்டி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

போன மாதம், எட்டுச் சீவல்கள் தொலைந்திருந்த ஓரிடத்தில் அக்காவின் கோடு நிற்கவில்லை. படமே இல்லாத வெறும் கறுப்பில் கொஞ்ச தூரம் ஓடி, இடப்பக்கம் மடங்கி, கொக்கிபோல் முடிந்திருந்தது. அதே புழுவை வரைந்த எதிர் அறை மீசைக்காரரின் கோடும் அச்சு அசலாக அப்படியே.

துறைத் தலைவி இருவரையும் கூப்பிட்டார். “யாரு யாரப் பாத்துப் போட்டீங்க?”

“அந்த இடத்துல நான் கையே வைக்கல மேடம்” என்றாள் அக்கா.

“என் மூஞ்சியப் பாத்தா இவ்வளவு சுத்தமா காப்பியடிக்கிற ஆள் மாதிரியா இருக்கு?” என்றார் மீசைக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

தலைவி அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி வரையச் சொன்னார். கிழிசலுக்கு ஒரு படம் முன்பாகவே அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“பயமா இருக்கு மேடம். நீங்களே முடிங்க.”

“இதுல என்னம்மா பயம்?” தலைவி பேனாவை எடுத்தார். ஒரு படம் தள்ளினார். கறுப்பு வந்தது. பேனா நிற்கவில்லை.

“மேடம்... தாண்டிட்டீங்க.”

கோடு இடப்பக்கம் மடங்கியிருந்தது.

அந்த வகையில் எல்லாப் புழுவுக்கும் நரம்பு ஒரே மாதிரிதான் ஓடும் என்பதால், இன்னொரு புழுவை ஒரு சீவல்கூட வீணாகாமல் சீவிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நரம்பே இல்லை. தலைவி மூன்று கோடுகளையும் அழித்தார். காப்பியடித்ததாக எழுதிவைத்திருந்த புகாரையும் கிழித்துப் போட்டார். அக்காவுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை நீட்டிப்பு.

நேற்று மாலை அந்த நீட்டிப்புத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கீழே அவளுடையதும் தலைவியுடையதுமாக இரண்டு கையெழுத்தும் நடுங்கிக் கிடந்தன.

“என்னக்கா இவ்வளவு கோணல்?”

“பேனா தானா இடப்பக்கம் மடங்கிடக் கூடாதுன்னு, நான் போடறப்ப மேடம் என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க போடறப்ப நான் பிடிச்சுக்கிட்டேன்.”