மாதா விளக்கும் ஐந்து வோல்ட்டும்

மொட்டை மாடியில் நிற்கும் ஏரியலைப் பார்த்துவிட்டு, டைட்டஸுக்கு டிவிப் பைத்தியம் என்று புன்னைக்காயலில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அவர் வீட்டில் டிவியே கிடையாது. துறைமுகத்து வயர்லெஸ் அறையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற மனுஷன் அவர். கடலில் போகிற கப்பலும் பெரிய தோணியும் தன் பெயரையும் இருக்கிற இடத்தையும் ஓயாமல் சிக்னலாக அனுப்பிக்கொண்டே போகும். அதைப் பிடிக்கத்தான் அந்த ஏரியல். படித்துச் சொல்ல உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, அதோடு போன் அளவில் ஒரு திரை. ஆற்று முகத்துக்கு எதிரே எது கடந்தாலும் திரையில் பெயர் வரும். டைட்டஸுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர், சகாயமாதா.

அந்தத் தோணியில்தான் அவருடைய ஒரே மகன் வளன், வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிறான். அப்பாவும் மகனும் பேசி இரண்டு வருஷமாகிறது. டைட்டஸின் மனைவி மார்கரெட் இறந்த அன்று அவன் மாலத்தீவில் இருந்தான். "ரெண்டு நாள் ப்ரீசர் பெட்டியில வையிங்கப்பா, எப்படியாச்சும் வந்துருதேன்" என்று போனில் கதறினான். டைட்டஸ் காத்திருக்கவில்லை. மறுநாள் சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. கண்ணாடி மூடிக்குள் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. அதை மகனிடம் சொல்லத் தெரியவில்லை. வளன் இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை தூத்துக்குடி வருகிறான், தோணியிலேயே படுத்து எழுந்து அப்படியே திரும்பிப் போகிறான். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

மார்கரெட் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மகன் கடலுக்குப் போனால் மாதா படத்துக்கு முன்னால் விளக்கைப் போடுவாள். அவன் வந்து வாசற்படி மிதித்த பிறகுதான் அணைப்பாள். கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், வள்ளத்து இஞ்சினில் இருந்து கழற்றிய பழைய பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் பல்பை மாட்டிக் கொடுத்திருந்தார் டைட்டஸ். அவள் போனபின் வளன் வாசற்படி மிதிக்கவே இல்லை. விளக்கும் அணையவில்லை. பல்பு மங்கினால்கூட, புதியதைப் பக்கத்தில் எரியவிட்ட பிறகுதான் பழையதைக் கழற்றுவார். சாமி காரியத்தில் அவருக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. அவள் போட்ட விளக்கு, அவ்வளவுதான்.

போர்டு வந்தபோது அதையும் அதே பேட்டரியில்தான் சேர்த்தார். போன் குடிக்கிற அளவுதானே குடிக்கும் என்ற நினைப்பு. கரண்ட் இருக்கும்வரை சார்ஜர் தாங்கிக்கொண்டது. கரண்ட் போனால், வோல்ட் போதவில்லை என்று திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும், போர்டு அணையும், தானே எழும்பும், மறுபடி அணையும். போன இரண்டு தடவையும் சகாயமாதா கடக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது, பெயரைப் பார்க்காமலே விட்டார். வயரை மாற்றினார். போர்டுக்கு ஐந்து வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் டப்பாவை மாற்றினார். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்த பேட்டரி முனைகளை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார். மகனுக்கு ஒரு போன் போடுவது இதையெல்லாம்விடச் சுலபம். ஆனால் அந்த வேலையை மட்டும் அவர் தொடவில்லை.

அந்த வியாழக்கிழமை பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு மணிக்கு அலி அஸ்கர் கூப்பிட்டார். பழைய சிநேகிதர், அண்ணனைக் காக்கா என்கிற காயல்பட்டினத்துக்காரர், தூத்துக்குடியில் தோணி ஏஜண்ட் ஆபீசில் கணக்கெழுதுகிறார்.

"ஏலே டைட்டஸு, ஒம்மவன் தோணி கெளம்பிட்டுது. மூணு மணிக்கு ஒங்க ஊருக்கு நேரே வந்துரும்."

"வந்தா வரட்டும் காக்கா, எனக்கென்ன" என்றார் டைட்டஸ். காலையிலிருந்து நான்கு முறை மாடி ஏறி ஏரியலைத் திருப்பியவர் பேசுகிற பேச்சு இது.

போர்டு அணைந்து அணைந்து எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி வாக்கில் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தார், ஒன்பதரை காட்டியது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடம், ஐந்து வோல்ட் டப்பாவுக்கு இது பத்தாது. யோசித்துக்கொண்டே விளக்கின் வயரை ஒரு நொடி விலக்கிப் பார்த்தார், முள் சரசரவென்று மேலே ஏறியது. உடனே பதறி வயரை வைத்துவிட்டார். கிழட்டுப் பேட்டரி விளக்கு, போர்டு இரண்டில் ஒன்றைத்தான் சுமக்கும். வேறு பேட்டரி வாங்க ஆத்தூருக்குப் போய்த் திரும்புவதற்குள் தோணி தாண்டிவிடும். இதையும் விட்டால் இன்னும் ஒரு மாதம்.

மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றார். "கோவிச்சுக்காத மார்கரெட்டு, அரை மணி நேரந்தான்" என்று சொல்லிவிட்டு வயரைக் கழற்றினார். சற்று முன் விலக்கிய அந்த ஒரு நொடி போக, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மூலை இருண்டது. சட்டென்று போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போர்டு ஒரே மூச்சில் எழும்பி நின்றது. ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது, ஒரு எண்ணெய்க் கப்பல் வந்தது, மூன்றாவதாகச் சகாயமாதா. கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். திரையில் புள்ளி பைய நகர்ந்தது. அந்தப் புள்ளிக்குள் மகன் சோறாக்கிக்கொண்டிருப்பானோ, கயிறு இழுத்துக்கொண்டிருப்பானோ என்று பார்த்தபடியே இருந்தார். கண் நிறைந்து எழுத்து கலங்கியது.

போன் அடித்தது. அலி அஸ்கராக இருக்கும் என்று எடுத்தார்.

"அப்பா."

டைட்டஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நம்ம ஊருக்கு நேரே போயிட்டு இருக்கோம். கோயில் கோபுரம் தெரியுது."

"சொல்லுலே" என்றார் டைட்டஸ்.

பின்னால் இஞ்சின் சத்தம் இரைந்தது. பிறகு வளன் கேட்டான். "அம்மா வெளக்கு எரியுதாப்பா?"

கழற்றிய வயர் டைட்டஸின் இடது கைக்குள்ளேயே இருந்தது.

"எரியுது" என்றார்.

"அணைச்சிராதீங்க. நான் வந்து..." சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

திரையில் சகாயமாதா இன்னும் இருந்தது. இன்னும் கால் மணி நேரமாவது இருக்கும். டைட்டஸ் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, விளக்கின் வயரைப் பேட்டரியில் கொடுத்தார். மஞ்சள் மின்னல் குறி வந்தது, பெயர் போனது, திரை கறுத்தது. மாதா படத்தின் முன்னால் பல்பு மங்கலாகப் பிடித்துக்கொண்டது.

"இப்ப எரியுதுலே" என்றார் டைட்டஸ், சத்தம் போய்விட்ட போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு.