கேதத் தண்ணீர் திறந்தவர்

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் அண்ணனின் மகன் போன் செய்தான். "டீச்சர், அப்பா எந்திரிக்கலை" என்றான். கையிலிருந்த உருண்டையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அரிமளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவருக்கு. தொட்டிக்குக் கீழேதான் என் அங்கன்வாடி. பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்து மோட்டாரைப் போடுவார். கேட்டால், "சத்தத்துல தூங்குற புள்ளைதான் தைரியமா வளரும்" என்பார். அவரை நல்லவர், வல்லவர் என்று மட்டும் எழுதினால் அவரே எழுந்து வந்து மறுப்பார். தனக்குப் பிடிக்காதவர்கள் தெருவுக்குக் கடைசியாகத்தான் திறப்பார்.

ஆனால் கேதம் என்றால் ஆளே மாறிவிடுவார். மாதா கோயிலில் துக்க மணி அடித்தாலும் சரி, மேலத்தெருவில் சங்கு ஊதினாலும் சரி, "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்பார். முறை யாருடையதாக இருந்தாலும் நிறுத்திவிட்டு, சாவு விழுந்த தெருவுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார். குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டும், எடுத்த பிறகு வீடு கழுவ வேண்டும். அதைக் கேதத் தண்ணீர் என்போம். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. யாரும் போய்க் கேட்க வேண்டியிருந்ததும் இல்லை.

பிறகு கம்பெனி வந்தது. குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடம் விடப்போவதாகச் சொல்லி ஊரைக் கூட்டினார்கள். சட்டையை இன் செய்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "இருபத்துநான்கு மணி நேரமும் தடையில்லாத சேவை" என்றார். தண்ணீருக்காகக் கூட்டிய கூட்டத்தில் சேவை என்றால் தண்ணீர்தானே? ஊரே கை தட்டியது. சம்மதம் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவர் ஆரோக்கியம் அண்ணன். "இனிமே விடியிறதுக்குள்ள எந்திரிச்சு வால்வு திருக வேணாம் டீச்சர்" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மீட்டர் வந்து, தெருக்குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் இருந்தது தண்ணீர் இல்லை, புகார் சொல்வதற்கான போன் நம்பர். வீட்டுக்குழாயில் முன்பைவிடக் குறைவாகத்தான் வந்தது. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரையே கேனில் அடைத்து, அதே கம்பெனி எங்கள் ஊர்க் கடைக்கு அனுப்பியது. "நம்ம தண்ணிக்கு மூடி போட்டு நமக்கே விக்கிறான் டீச்சர். இதுக்கா நான் கையத் தூக்குனேன்?" என்று அண்ணன் கேட்டார். எதற்கும் சிரிக்கிற மனிதர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அவரையும் கம்பெனியின் ஒப்பந்த ஆளாக்கினார்கள். வால்வுக் குழிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் வைத்துக்கொண்டார். கீழத்தெரு ராக்கம்மா இறந்தது, அந்தத் தெருவுக்கு முறை இல்லாத நாளில். அட்டவணையை மாற்ற முடியாது என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். "சாகுறவுங்க ஒங்க டைம் பாத்தா சாவாங்க?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் கடப்பாரையால் பூட்டை உடைத்துத் தண்ணீரைத் திறந்தார்.

மறுநாள் போலீஸ் வந்தது. தண்ணீர் திருட்டு என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. ஆயுசு முழுவதும் ஊருக்குத் தண்ணீர் விட்டவரால் அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. "என்ன வேணாலும் சொல்லுங்கய்யா, திருடன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று கைகூப்பி நின்றார். வேலை போயிற்று. மனுவை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்தார். பெரிய ஆபீசில் ஊராட்சியைக் கேட்கச் சொன்னார்கள். ஊராட்சியில் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஆபீஸே கிடையாது.

அதற்குப் பிறகும் துக்க மணி கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாராம். "அங்கிட்டு எங்க போறீங்க? உக்காருங்க" என்பாராம் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். இந்த மனிதர் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

அவரைக் கிடத்தியிருந்த அன்று வீட்டுக்குழாயில் காற்றுதான் வந்தது. மகன் அந்தப் புகார் நம்பருக்குப் போன் போட்டான். பதிவு செய்த குரல் ரொம்ப மரியாதையாக ஒன்றை அழுத்தச் சொன்னது, இரண்டை அழுத்தச் சொன்னது. கேதத்துக்கு எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. நாங்கள் சிலர் வால்வுக் குழிவரை போனோம். புதுப் பூட்டு, மேலே கேமரா. "எம்மவன் அரசாங்கப் பரீட்சை எழுதியிருக்கான். கேசு கீசுன்னு ஆயிருச்சுன்னா?" என்றார் கூட வந்தவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பினோம். கடையிலிருந்து கேன் கேனாக வாங்கி வந்துதான் அவரைக் குளிப்பாட்டினோம். ஒவ்வொரு கேனிலும் அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது தைரியம் என்று எழுத ஆசைதான். எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம் ஒன்றுதான். முன்பெல்லாம் தண்ணீர் வராவிட்டால் நேரே போய்த் திட்டுவதற்கு அவர் இருந்தார். ஒருமுறை நான் திட்டித் தீர்க்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "திட்டிட்டீங்கள்ல, இப்பக் கொடத்த வைங்க" என்றார். இன்றைக்கு அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க இந்த ஊரில் ஒரு வாசல் இல்லை.

நேற்று மேலத்தெருவில் சங்கு ஊதியது. துக்க வீட்டுக்கு யாரும் போய்ச் சேர்வதற்கு முன்னால் கேன் கடைக்குப் போன் போய்விட்டது. போட்டது நான்தான்.