சந்தன சோப்பும் அப்பாவின் மாலையும்

போன வாரம் என் மகள் வீட்டிலிருந்த சோப்பு, சவரக் களிம்பு, தன் உதட்டுச் சாயம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அவற்றின் பொடி எழுத்துகளைச் செல்பேசியில் படம்பிடித்து விசாரணை நடத்தினாள்.

"அப்பா, இத்தன நாளா மொகத்துல மிருகக் கொழுப்பத் தேச்சிருக்கீங்க."

பாதி முகத்தில் நுரையோடு நின்றிருந்தேன். மீதிப் பாதியில் தாடி. எந்தப் பாதிக்காக வெட்கப்படுவதென்று தெரியவில்லை.

கொழுப்பு என்றதும் முப்பது வருடத்துக்கு முந்தைய நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. படிப்பு முடிந்த கையோடு ராசிபுரம் பக்கம் ஒரு சின்ன சோப்புக் கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்தேன். எனக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று வேண்டியிருந்த அப்பா, கிடைத்ததும் பழனி நடைப்பயணத்துக்கு மாலை போட்டுக்கொண்டார். முட்டை அவித்த பாத்திரத்தில் காய்ச்சிய வெந்நீரைக்கூடத் தொடமாட்டார். சேர்ந்த அன்று இனாமாகக் கிடைத்த ஒரு டஜன் சந்தன சோப்பை அவரிடம் பெருமையாகக் கொடுத்தேன். இரண்டு வேளையும் அதில்தான் குளித்தார்.

"கோயலுக்குள்ள நிக்கிறாப்புல இருக்குது சாமி."

இரண்டாவது வாரம்தான் கம்பெனியின் பின்கட்டைப் பார்த்தேன். தகர டிரம்மில் மஞ்சள் கட்டியாக மாட்டுக் கொழுப்பு. அதில் ஒட்டிய மயிர், மேலே ஈ. கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த பாப்பாத்தியக்கா சிரித்தார்.

"என்னங்க சார், மூக்கப் பொத்துறீங்க? மணக்குது மணக்குதுன்னு ஊரூரா இதத்தானுங்க விக்கிறீங்க."

"நீங்க என்ன சோப்புங்கக்கா போடுவீங்க?"

"நானா? சீயக்கா. மொதலாளி ஊட்டுலயும் அதேதானுங்க!"

சுவரோரம் போய் வாந்தியெடுத்தேன். வீடு திரும்பும் வழியில் நெய்க்கடை வாசனைக்கு இன்னொரு முறை. இன்றுவரை நெய் தோசை எனக்கு ஆகாது. கேட்பவர்களிடம் கொலஸ்டிரால் என்று சொல்லிவிடுவேன்.

வீட்டில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பயணத்துக்கு மூன்றே நாள். சொன்னால் அங்கேயே மாலையைக் கழற்றிவிடுவார்.

"ஏஞ் சாமி, இதுல என்ன போடுறாங்க?"

"தேங்காயெண்ணெய்ங்கப்பா."

"அதான பாத்தேன்" என்று சோப்பை என் கையில் கொடுத்துவிட்டு முதுகை நீட்டினார். தேய்த்தேன். விரலிடுக்கில் வழுவழுவென்று இறங்கியது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அவர் வெறுங்காலோடு பழனி போய்த் திரும்பினார், என் வேலை நிலைக்க வேண்டுமென்று.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. மகள் கடைசி சோப்பைத் தூக்கிக் காட்டி, "இதுல என்னங்கப்பா?" என்றாள்.

"தேங்காயெண்ணெய்" என்று வாய் தானாகச் சொன்னது.

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; செல்பேசியை அந்தச் சோப்பின் எழுத்துகளுக்கு நேரே நீட்டினாள். என் ஒற்றை வார்த்தையை நம்பி முதுகை நீட்டிய மனிதர் போய்ப் பத்து வருடமாகிறது.